மாலை போட்ட படகு

ஈசூன் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தம்பதி அமர்ந்திருந்தார்கள். மனைவி கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க படகுக்கு இன்னும் பெர்மிட் கிடைக்கலங்க. ஃபோட்டோவைத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“ஏனாம்?”

“ரிசர்வாயர்ல ஓட்டணும்னா படகு நம்பர் தெளிவா தெரியணுமாம். நீங்க அது மேலயே சந்தனம் பூசி, மாலையும் போட்டு வச்சிருக்கீங்க.”

“புது வண்டி வாங்கினா பூஜை போடமாட்டோமா?”

“காத்தடிக்கிற ரப்பர் படகுக்கா? சக்கரமே இல்ல, எலுமிச்சம்பழத்தை எங்க வச்சீங்க?”

“துடுப்புக்குக் கீழ லா.”

“சரி, ஃபார்ம்ல ஒரு கேள்விக்கு நீங்க பதிலே போடலையாம். உங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டிருக்காங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியாதுன்னுதானே பூஜையே போட்டேன்.”