மாற்றத்திற்கான காரணம்

திரையில் வருகிற இந்தப் பெட்டி பார்க்கச் சின்னது. ஒரு வரி எழுதினால் போதும் என்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுத எழுத அதுவாகவே கீழே நீண்டு இடம் கொடுக்கிறது. தாராளமான சிஸ்டம். அதன் தாராளத்தைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான்.

‘மாற்றத்திற்கான காரணம்’ என்று பெட்டியின் தலையில் போட்டிருக்கிறது. என் மாமனாரின் குறிப்புக் கோப்பில் நான் இருபத்து மூன்று முறை மாற்றம் செய்திருக்கிறேன். இருபத்து மூன்று முறையும் இந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருக்கிறேன். மாமா போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்று மதியம் என் சகலை கடைக்கு வந்து, காரணம் எழுதித் தரச் சொன்னார். நியாயமாகத்தான் கேட்டார். எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தொழில். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஆறடிக்கு எட்டடி. உள்ளே நானும் மூச்சு நின்ற நாற்பது கம்ப்யூட்டர்களும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் என்னை எந்த இடத்தில் உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. படிப்பு கம்மி, வாய் அதிகம். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மூன்றாம் மாதமே படுத்துக்கொண்டது. நான் பையோடு போய் அதை எழுப்பி உட்காரவைத்தேன். “நம்ம மெக்கானிக் மாப்பிள்ளை இருக்கறப்போ நமக்கென்ன கவலை?” என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஓட்டினேன்.

கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறை படுத்தது. அதில் என் பங்கும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. ஒவ்வொரு தடவை சரிசெய்யும்போதும் அடுத்த தடவைக்கென்று சின்னதாக ஒன்றை விட்டுவைப்பேன். வேண்டாத புரோகிராம் இரண்டு, அவ்வளவுதான். நாலு வாரத்தில் மெதுவாகும். மாமா போன் செய்வார். போவேன். டீ வரும். அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். பழுது இல்லையென்றால் பேச்சு ஏது?

மாமா அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் மெய்ப்புத் திருத்தியவர். என் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் அதுவரை இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். “தலைல இருக்கறது மாறும் மாப்பிள்ளை. எழுத்துல இருக்கறதுதான் நிக்கும்” என்பார். இது பின்னால் தேவைப்படும்.

நாலு வருஷத்துக்கு முன் சின்னவர் வந்தார். கொழுந்தியாளின் கணவர். வீட்டிலிருந்தே வேலை, மாமா வீட்டு மாடியிலேயே குடித்தனம். வந்த மாதமே என்னிடம் கேட்டார். “அண்ணா, கீழ இருக்கற மெஷின்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடட்டுமா? இலவசம். வைரஸ் தொல்லை கிடையாது. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

என் அலைச்சலைப் பற்றி யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. இருந்தாலும் எல்லார் முன்னாலும் கேட்டதால் “தாராளமா போடுங்க தம்பி” என்றேன். போட்டார். அதன் முதல் பழுதுக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். பிள்ளை பிறப்பதற்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பழுது வரவில்லை. போனும் வரவில்லை. டீயும் இல்லை.

லினக்ஸ் மாதிரி, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடுகிற திறந்த மூல மென்பொருளில் எனக்குக் குறையே கிடையாது என்று நான் சொல்வது அதனால்தான். அதில் குறை இல்லாததுதான் என் குறை. மற்றபடி அந்த மனிதர்களைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. சின்னவர் ஒருமுறை அவர்கள் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு பேர். எந்தப் புரோகிராமில் எழுத்தடிப்பது உத்தமம் என்று இரண்டு மணி நேரம் சண்டை. எதை எழுதப்போகிறோம் என்று ஒருவரும் பேசவில்லை. ஒரே சிஸ்டத்தில் முந்நூறு வகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்காரரும் மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். என் பக்கத்தில் இருந்தவர் “நீங்க என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். “செருப்பு” என்றேன். சின்னவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் ஓய்வு நேரத்தில் அந்த சிஸ்டத்துக்காக ஏதோ ஒரு சின்ன பாகம் எழுதுகிறார். ஒரு பைசா வாங்குவதில்லை. எங்கோ இருக்கிற, முகம் தெரியாத யார் யாரோ அவருக்கு நன்றி எழுதுகிறார்கள். கொழுந்தியாள் அதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டுவாள். என் கடைக்கு வருகிறவர்கள் “இதுக்குப் போய் இவ்வளவா?” என்றுதான் கேட்பார்கள். லினக்ஸின் சின்னம் பெங்குவின். கடுப்பில் நான் அவருக்குப் ‘பெங்குவின்’ என்று பெயர் வைத்தேன். அடுத்த வாரம் அந்தப் படம் போட்ட பனியனை வாங்கி மாட்டிக்கொண்டு, “அண்ணன் வெச்ச பேரு” என்று ஊர் முழுக்கச் சொன்னார். கொட்டினால் வலிக்கிற மாதிரியாவது இருக்க வேண்டாமா ஒரு மனிதர்?

பிறகு மாமாவுக்கு மறதி வந்தது. பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது, புதிதாக வந்ததுதான் நழுவியது. தினமும் காலையில் சின்னவர் பிரஷர் மாத்திரையோடு போய் நிற்பார். “யார் தம்பி நீங்க?” என்று கேட்பார் மாமா. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவருக்கே பிடிக்கவில்லை. தெளிவாக இருந்த நாட்களில் சின்னவர் உதவியோடு உட்கார்ந்து, தன் வீட்டைப் பற்றித் தானே ஒரு கோப்பு தட்டச்சு செய்தார். திரையில் சரியாக ஒரு பக்கம். நகர்த்தாமல் படிக்க வேண்டும் என்று கண்டிப்பு. காலையில் எழுந்ததும் அதைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். வீட்டில் வேறு யாரும் அதைப் படிப்பதில்லை. “அது அவரோட டைரி மாதிரி அண்ணா” என்றார் சின்னவர். எனக்கு மட்டும் கடையிலிருந்தே திறக்கும்படி அனுமதி போட்டுக் கொடுத்தார். “ஒருவேளை நான் ஊர்ல இல்லாதப்போ ஏதாவது ஆச்சுன்னா? வீட்டுல மெக்கானிக் நீங்கதானே.”

அவர் ஊரில் இல்லாத ஒரு நாள் திறந்து பார்த்தேன்.

மாமா எழுதிய பக்கத்தில் சின்னவருக்குப் பதினோரு வரி. ‘உயரமானவர், கண்ணாடி போட்டவர், சிரிக்கவைப்பவர். நான் குளியலறையில் விழுந்தபோது முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மாத்திரை இவர் தருவார், நம்பலாம்.’ இப்படிப் பதினோரு வரி. எனக்கு ஒன்று. ‘மூத்த மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கடை.’

கடையில் அப்போது ஒரு அம்மா மடிக்கணினியோடு காத்திருந்தார். அவரை அனுப்பிவிட்டு மறுபடி எண்ணினேன். பதினொன்று, ஒன்று.

முதல் மாற்றம் மிகவும் சின்னது. ‘கம்ப்யூட்டர் கடை’க்குப் பின்னால் ‘அன்பானவர்’ என்று சேர்த்தேன். சேமிக்கும்போது இந்தப் பெட்டி வந்தது. என் தொழிலில் எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமல் ‘அடுத்து’ என்று அமுக்குவதுதான் பழக்கம். அமுக்கினேன்.

அடுத்து அந்த முதுகு. என் முதுகும் முதுகுதானே என்று அந்த வரியை என் பெயருக்குக் கீழே நகர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நீங்க மட்டும் தூக்கிட்டு ஓடலைன்னா நான் இல்லை மாப்பிள்ளை” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பொய்யான கண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் சின்னவர் நின்றிருந்தார். திருத்தவில்லை. “அப்பா சந்தோஷமா இருக்கார், விடுங்க” என்று மனைவியிடம் சொன்னாராம்.

அப்புறம் ஒவ்வொரு வரியாக. சிரிக்கவைப்பவர் என்பதை எடுத்தேன், உயரத்தை எடுத்தேன். பதினெட்டாவது மாற்றத்தில் சின்னவருக்கு இருந்தது ‘மாடியில் குடியிருப்பவர்’ என்பது மட்டும்தான். அப்படியும் ஒரு காலை நான் போனபோது உள்ளே சிரிப்புச் சத்தம். சின்னவர் ஏதோ சொல்ல, மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். “யார் தம்பி நீங்க? இப்படிச் சிரிக்க வைக்கறீங்களே.” ஒரு வரியும் இல்லாமல், தினமும் காலையில் அந்நியனாகப் போய் நின்று, மதியத்துக்குள் அவரைச் சம்பாதித்துவிடுகிறார். நான் பதினாறு வருஷம் பழுது வைத்துச் சம்பாதித்ததை.

இருபத்து மூன்றாவது மாற்றம் அன்று பகல் பதினொன்று நாற்பதுக்கு. ‘மாத்திரை, மூத்த மாப்பிள்ளை கையால் மட்டும். வேறு யார் தந்தாலும் வாங்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் சொல்லக் கூடாது.’ மூன்று வாக்கியம். பிழை இல்லை, நானே இரண்டு முறை பார்த்தேன்.

மறுநாள் காலை கொழுந்தியாள் போன். “அத்தான், அப்பா வாயையே திறக்க மாட்டேங்கறார். உங்களைத்தான் கேக்கறார். கொஞ்சம் வர முடியுமா?” போனேன். என்னைக் கண்டதும் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். ஒன்பது நாள் தினமும் ஏழு மணிக்குப் போனேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். டீ வந்தது. நாற்காலி பக்கத்தில் வந்தது. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த ஒன்பதைத்தான் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் வாசலில் சின்னவர் சொன்னார். “பாவம் அண்ணா, தினமும் அலையறீங்க. அப்பாவை மெதுவா என்கிட்ட பழக்கிப் பார்க்கவா? எனக்கு நேரம் இருக்கு.”

பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது என்று தோன்றியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொழுந்தியாள் மூன்று முறை போன் செய்தாள். டீயில் கலந்து பார்த்தார்களாம். மெய்ப்புப் பார்த்த கண், அடியில் வெள்ளையாக நின்றதைக் கண்டுபிடித்துவிட்டது. அதன்பின் அவர் டீயும் குடிக்கவில்லை. “எழுத்துல இருக்கு” என்று மட்டும் சொன்னாராம். அவர் டைரியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எந்த எழுத்து என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எழுதியிருந்ததே.

பதினோராம் நாள் சின்னவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அண்ணா, பின்னால உட்காருங்க, போதும். மெதுவா ஓட்டறேன். அஞ்சே நிமிஷம். டாக்டர் நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார், ஆனா அதுவரைக்கும் மாத்திரை இல்லாம இருக்கக் கூடாதாம்.”

“முடியல தம்பி.”

“நெத்தி சூடா இல்லையே அண்ணா.”

“உள்காய்ச்சல்.”

என் மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன். எங்கப்பா உங்களைத் தவிர யாரையும் நம்பமாட்டேங்கறார்” என்றாள். அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது என்று இந்தப் பெட்டியில்தான் எழுத முடியும். போர்வையை இழுத்துக்கொண்டேன். கடையில் உட்கார்ந்து அந்த மூன்று வாக்கியத்தை எடுக்க அரை நிமிஷம் ஆகும். படுத்தபடி போனிலேயேகூட முடியும். திறந்த சிஸ்டம், எங்கிருந்தும் முடியும். முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை எழுந்து குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சின்னவர் சட்டை இல்லாமல் நின்றிருந்தார். அந்தத் தடவையும் முதுகில்தான் தூக்கி வந்திருக்கிறார்.

நேற்று மதியம் சின்னவர் என் மேஜையில் ஐந்து தாள்களை வைத்தார். அந்தக் கோப்பை யார், எப்போது, எந்த வரியில் மாற்றினார்கள் என்ற பட்டியல். ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் சிஸ்டம் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அதைப் பற்றிப் படிப்பதில்லை என்பது என் கொள்கை.

“அப்பா நினைவா அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுக்கலாம்னு திறந்தேன் அண்ணா” என்றார். அழவில்லை. கத்தவும் இல்லை. “உங்க பேருக்கு நேரா காரணம் எல்லாம் காலியா இருக்கு. காலியா இருந்தா சிஸ்டத்துக்குப் பரவாயில்லை. எனக்குப் பரவாயில்லைன்னு இருக்க முடியல. நீங்களே எழுதுங்க. எழுதினதை வீட்டுல எல்லாரும் படிப்பாங்க. அதுக்கப்புறம் போலீஸா என்னன்னு அவங்க சொல்லட்டும்.”

அவர் போனபிறகு தாள்களைக் கடைசியிலிருந்து படித்தேன். அடியில் மாமாவின் மாற்றங்கள். காரணப் பெட்டியை அவர் ஒருமுறைகூடக் காலியாக விட்டதில்லை. ‘ஒற்று விடுபட்டது, சேர்த்தேன்.’ ‘இந்த வாக்கியம் நீளம்.’ இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பதிவு இப்படி இருந்தது:

‘மூத்த மாப்பிள்ளை பற்றிய பகுதி: பதினாறு வரிகளில் பதினைந்து நீக்கம். காரணம்: பக்கத்தில் இடம் போதவில்லை. சின்னவர் முகம் மனத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அவருக்கு நிறைய வரி தேவை. மெக்கானிக் மாப்பிள்ளைக்குக் குறிப்பு எதற்கு? அவரை மறக்க வழியே இல்லை.’

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையை மூடி வைத்திருந்தேன். இப்போது திறந்துவிட்டேன்.

காரணம் கேட்டதற்கு எழுதியாகிவிட்டது. அந்த மூன்று வாக்கியம் என்னுடையது. அந்தக் காய்ச்சல் பொய். மாமாவைக் கொன்றது நான்தான், அதில் கருத்து வேறுபாடு இல்லை. சேமித்துவிட்டால் இதை யாராலும் அழிக்க முடியாதாம், நல்லது.

சிஸ்டத்தைப் பற்றி மட்டும் ஒரே ஒரு கருத்து. அவ்வளவு முக்கியமான ஒரு வரியைக் கடைசித் தாளின் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மேலே காட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இது வடிவமைப்பில் இருக்கிற பழுது. சின்னவரிடம் சொல்லி எழுதிப்போடச் சொல்ல வேண்டும், அந்த ஆட்கள் இலவசமாகவே சரிசெய்து கொடுப்பார்களாம்.