குளிர் காணாத செடிகள்

— பத்தே காலுக்கு ஆணி அடிக்கணும், தூவா. சுத்தியலைக் குடு.

— தரேன், சிக்னே. அதுக்கு முந்தி ஒண்ணு பேசணும்.

— கீழ பலகைகிட்ட எல்லாரும் நிக்கிறாங்க. யுனிவர்சிட்டி வழக்கப்படி என் முனைவர் ஆய்வேட்டை அதுல ஆணி அடிச்சு மாட்டாம பேராசிரியர் ஆர்வித் காபியைத் தொட மாட்டார்.

— உன் ஆர்வித். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் அவர்கிட்ட சேர்ந்தோம். நான் படிப்பைப் பாதியில விட்டுட்டு உன் செடிக்குத் தண்ணி ஊத்துறேன்.

— நன்றி சொல்ற பக்கத்துல உன் பேர் இருக்குடி.

— பதினோராவது. காபி மிஷின் ரிப்பேர் பண்றவருக்கு அடுத்து.

— இன்னிக்குமா இந்தப் பொறாமை?

— பொறாமைதான். இல்லேன்னு நான் சொன்னேனா? அந்தச் செடிங்க எப்படிப் பூத்துச்சு? சொல்லு.

— உனக்குத் தெரியாததா? பூக்கவிடாம தடுக்கிற மரபணு ஒண்ணு. பத்து வாரம் குளிர் பட்டா அது அடங்கிடும். வெயில் வந்தாலும் வாயைத் திறக்காது, செடி பூத்துடும். அதுலேர்ந்து வர்ற நகலை செல் நெட்டையாவும் வெட்டி ஒட்டும், குட்டையாவும் ஒட்டும். குட்டை நகல்தான் மரபணுவை அடக்கும்; நான் குட்டையா மட்டும் ஒட்ட வச்சேன். குளிரே படாம மரபணு அடங்கிடுச்சு. ஸ்வீடன்லயே யாரும் இதைப் பண்ணலைன்னார் ஆர்வித்.

— குளிரே படலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— என்ன கேக்குற?

— நீ ஜெர்மனியில மூணு மாசம் இருந்தப்ப உன் செடித் தட்டு குளிர் அறையில இருந்துச்சு. நான் தெரியாம தட்டை மாத்தி வச்சுட்டேன். கண்டுபிடிச்சதும் சத்தமில்லாம வெளிய எடுத்து வச்சேன்.

— சும்மா சொல்ற.

— குளிர் பட்டுப் பூத்த செடியும் படாம பூத்த செடியும் பார்த்தா ஒண்ணுதான். உனக்கே தெரியும்.

— இரு. அந்தக் குளிர் ஞாபகம் அடுத்த தலைமுறைச் செடிக்குப் போகாது, விதையிலேயே அழிஞ்சிடும். அதுக்காகத்தானே அதுங்க விதையை மறுபடி குளிர் படாம போடச் சொன்னேன். அதுவும் பூத்துச்சா இல்லையா?

— பூத்துச்சு.

— அப்புறம் என்ன? வயித்தெரிச்சல்ல எதையாவது சொல்லாத. குடு சுத்தியலை.

— அப்ப நீ பிள்ளை பெத்து வீட்டுல இருந்த, சிக்னே. அந்த விதையைப் போட்டு வளர்த்தது நான். முதல் தடவை தெரியாம நடந்தது. ரெண்டாவது தடவை, முதல் செடிங்க பூத்ததுக்கு உன் பேரு எழுதி ஆர்வித் வெட்டின கேக்கைத் தின்னுட்டு, நானேதான் தட்டைத் தூக்கிட்டுப் போய்க் குளிர்ல வச்சேன்.