ஜாஸ்பர் வீட்டு இரும்புக் கதவு

— ஒரே ஒரு தீப்பெட்டி மயில் படத்துக்காக, செல்வி, கம்பம் பஸ் ஸ்டாண்டுல, அத்தனை பேரு பாக்க, அந்த வண்டன்மேட்டு முதலாளி முட்டி போட்டு அழுதாரு. ‘ஜாஸ்பர் கண்டக்டரே, அந்த மயிலைத் தாங்க, என் ஏலத்தோட்டத்தையே எழுதித் தாரேன்’னாரு. மாட்டேன்னுட்டேன். பங்களாவையும் சேத்துக்கங்கன்னாரு. மாட்டேன்னுட்டேன். கடைசியில, ஜீப்புல உக்காந்திருந்த நாயையும் தாரேன்னாரு.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து இதைத்தான் கேக்குறேன். முதல்ல கால் ஏக்கராத்தான் இருந்துச்சு. பங்களா பொறவு முளைச்சது. நாய் எப்ப வந்து ஏறுச்சுன்னே தெரியல. பூட்டுன அறைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல இது எதுக்குங்க?

— எதுக்கா? அப்பேர்ப்பட்ட மயில் இருக்குற அறைக் கதவைக் கேஸ் வச்சு வெட்டச் சொல்றியே, அதுக்கு. வெல்டிங் மாரிசெல்வத்தைத் திருப்பி அனுப்பு.

— அவன் சிலிண்டரோட வாசல்ல நிக்கிறான். வேற என்ன வழி? காத்துல கதவு அடிச்சுச் சாத்திக்கிச்சு. வெளிய தொங்குன சாவியைத் திருகுனேன், முறிஞ்சு பாதி உள்ளயே நிக்குது.

— அது காத்தா? நம்ம பள்ளத்தாக்குல ஆடி மாசம் ஒருதடவை என் பஸ்ஸையே கூடலூர்லேருந்து கம்பத்துக்குத் தள்ளிட்டு வந்த காத்து. டிரைவர் டீக்கடையில நிக்கிறாரு.

— ஆமா, நீங்க டிக்கெட்டும் கிழிச்சிருப்பீக. ஆல்பத்தையெல்லாம் அந்த மூலைக்கு நகத்துங்க, அவன் இந்தப் பக்கம் வெட்டட்டும்.

— மூலை எங்க இருக்கு? நான் ஒருத்தன் நின்னாலே சந்தை நாள் பஸ் கணக்கா இருக்கு. அலமாரி கதவை ஒட்டித்தான் நிக்குது. அம்புட்டும் காகிதம், செல்வி. ஒரு பொறி விழுந்தாப் போதும். தீ வரக்கூடாதுன்னு ஜன்னலை அடைச்சுக் கட்டுன அறைக்குள்ள நானே தீயை வான்னு கூப்பிடுவேனா?

— உசுரு பெருசா, படம் பெருசா?

— ரெண்டுக்கும் ஒரே வழி இருக்கு. உங்கிட்ட டூப்ளிகேட் சாவி குடுத்தேன்ல? உள்பக்கமும் சாவி ஓட்டை இருக்கு. நீ பேசுற இந்தக் காத்துக்குழாய் வழியா அதைப் போடு. ரைட் குடுத்தாச்சு, வண்டி கிளம்பட்டும்.

— அது இங்கன இல்லைங்க.

— பின்ன?

— அங்கனதான் இருக்கு. உங்க கூட. உள்ள.

— பூட்டுற அறைக்குள்ளயேவா டூப்ளிகேட் சாவியை வச்ச?

— அல்லிநகரத்துலயே பத்திரமான இடம் அதுதான்னு நீங்கதானே சொல்லிட்டுத் திரிஞ்சீக.

— ஆத்தாடி, இந்த மூளைக்கு உன்னைய கலெக்டராக்கிருக்கணும். நல்லதாப் போச்சு. எங்கன வச்சன்னு சொல்லு, நானே தெறந்துக்கிட்டு வாரேன்.

— மறந்துபோச்சு. மாரிசெல்வமே வெட்டட்டுங்க.

— ஊர்க் கல்யாணத்துல எவ என்ன சேலை கட்டிட்டு வந்தான்னு வருசம் கழிச்சுச் சொல்றவ நீ. உனக்கா மறக்கும்? செல்வி, இதுவரைக்கும் பெருமைக்குத்தான் பேசிட்டு இருந்தேன். பல்பு போயிருச்சு. செல்போன் வெளிச்சமும் மங்குது. சுவரு நெருங்கி வர்ற மாதிரி இருக்கு. மூச்சு முட்டுதும்மா.

— மூணாவது ஆல்பம். கடைசிப் பக்கம்.

— மயில் இருக்குற பக்கமா? வெளிச்சம் பட்டாச் சாயம் போயிரும்னு இந்தக் கதவு மாட்டுனதுலேர்ந்து நானே அதைத் தெறக்கலையே.

— அதான் அங்கன வச்சேன்.

— மயிலு மடங்கிருக்காதுல்ல?

— மடங்கியிருக்காதுங்க. மெதுவா எடுங்க.

— சாவி இருக்கு. செல்வி, சாவி இருக்கு. மயிலைக் காணோம்.

— முதல்ல கதவைத் தெறந்து வெளிய வாங்க.

— எந்தத் திருடன் வந்தான்? பூட்டு உடையல, சுவர்ல ஓட்டை இல்ல.

— திருடன் வரலைங்க. இந்தக் கதவுக்குக் கொச்சியிலேருந்து நம்ம மக இவாஞ்சலின் பணம் அனுப்புனான்னு சொன்னேன்ல? அவ அனுப்பலை. பாவம், அவ கஷ்டம் அவளுக்கு. நீங்க தூங்காமக் கிடந்தீக. தெருநாய் குலைச்சா எந்திரிச்சு உக்காந்தீக. பக்கத்து வீட்டுல குப்பையைக் கொளுத்துனாக்கூட வாளித் தண்ணியோட ஓடுனீக. இரும்புக் கதவு போட்டாத்தான் படுப்பேன்னீக. பென்சன்ல வர்ற கதவா இது?

— மயிலைக் காப்பாத்த மயிலையே வித்தியா?

— மத்ததெல்லாம் பத்திரமா இருக்குல்ல. நீங்களும் தூங்குனீகள்ல. வெளிய வாங்க, காப்பி போட்டு வச்சிருக்கேன்.

— வர மாட்டேன். சாவி என் கையிலதான் இருக்கு. யாருக்கு வித்தன்னு சொல்லு, அப்பத்தான் தெறப்பேன். பழைய பேப்பர்க்காரனுக்கா?

— அம்புட்டுக் கேவலமாவா என்னைய நினைக்கிறீக? நீங்க கோயிலுக்குப் போயிருந்தீக. வாசல்ல ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. தள்ளாத வயசுல ஒரு பெரியவரு எறங்குனாரு. ‘ஜாஸ்பர் கண்டக்டர் உண்டோ’ன்னாரு. மயிலைக் கையில குடுத்ததும் நம்ம வாசப்படியில முட்டி போட்டு அழுதாரு.

— செல்வி...

— ஆமாங்க, நீங்க சொன்னதெல்லாம் நெசந்தான். ஜீப்புல நாய் கூட உக்காந்திருந்துச்சு. அதையும் வச்சுக்கங்கன்னாரு. நாந்தான் மாட்டேன்னுட்டேன்.