சாமியிடம் இன்னும் இரண்டு கேள்வி

அந்த ஏர்கோனைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள் சார். நம் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும், மைக் பழகாது. நான் பேசுவதைப் பதிவு செய்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். பிறகு போட்டுக் கேட்டால் லாரிக்குள் உட்கார்ந்து பேசிய மாதிரி இருக்கும்.

என் பெயர் சசிதரன். லாபுவில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி. கிராணி கேள்வி கேட்டால் தோட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பாட்காஸ்ட்டில் அப்படி இல்லை. ஒருவரை எதிரே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே அந்த மௌனம் தாங்காமல் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியாததா, உங்கள் தொழிலும் அதுதானே. என்ன, உங்களுக்குச் சம்பளம் உண்டு. நான் ஆசைக்குச் செய்தேன்.

நிகழ்ச்சிக்கு 'வாங்க, ஒக்காருங்க' என்று பெயர் வைத்தேன். முதல் விருந்தாளி, அந்தக் காலத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் மாயாண்டி. அந்தக் காலத்துத் துரைமார்கள் எப்படி என்று கேட்டேன். "இருந்தாங்க" என்றார். ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா என்றேன். "பட்டோம்லா" என்றார். அதோடு சரி. அடுத்து நாசி லெமாக் சோறு விற்கும் தாயம்மா வந்தார். அவர் நன்றாகவே பேசினார், ஆனால் மருமகளைப் பற்றி மட்டும் பேசினார். மருமகள் என் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் இரண்டே பேர், என் மனைவி மோகனாவும் நீலாயில் இருக்கும் அவள் தங்கையும். அந்தத் தங்கையும் பாதியில் தூங்கிவிடுவாளாம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அப்போதுதான் முகுந்தன் நினைப்பு வந்தது. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று சொல்ல வேண்டும். என்னைவிட இளையவன், சாதுவான ஆள், கூப்பிட்டால் பதில் சொல்லவே கூச்சப்படுவான். ஆனால் வருஷா வருஷம் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமி அவன்மேல்தான் இறங்கும். இறங்கிவிட்டால் அந்தக் குரலே வேறு. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கை கட்டி நின்று குறி கேட்பார்கள். எத்தனை வருஷமாகவோ கேட்கிறார்கள், எல்லாம் தங்கள் கதையைத்தான் கேட்கிறார்கள். சாமியைப் பற்றிச் சாமியிடமே ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது. எனக்கு அது பரிதாபமாக இருந்தது.

முகுந்தன் முதலில் தயங்கினான். "திருவிழா இல்லாம எப்படிண்ணே, சாமி கோவிச்சிக்காதா?" என்றான். சாமியே வந்து கோபித்துக்கொள்ளட்டும், அதையும் பதிவு செய்வோம் என்றேன். பெரியவன் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாதவன்.

வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முனியாண்டி வந்தால் சுருட்டு கொடுக்க வேண்டும், ஒரு கிளாஸ் பிராந்தி கொடுக்க வேண்டும். வந்தவர் தானாகப் போக மாட்டார். பூசாரி நெற்றியில் விபூதி பூசி, கற்பூரம் காட்டினால்தான் மலையேறுவார். அதுவரை அருள் வந்தவனும் எழுந்து போக முடியாது. என் நிகழ்ச்சியில் பூசாரி இல்லை. விபூதித் தட்டை நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். விருந்தாளி நடுவில் கிளம்பிவிடுவாரோ என்ற கவலையே இல்லாமல் பேட்டி எடுப்பது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமியிடம் நல்ல கேள்விகளாகக் கேட்டேன். காவல் காக்கும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், சின்ன வயதில் என்னவாக ஆக ஆசைப்பட்டீர்கள், மழை பெய்தால் குதிரையை எங்கே கட்டுவீர்கள். கடைசிக் கேள்விக்குச் சாமி ரொம்ப நேரம் உறுமிவிட்டு, "லாரி ஷெட்டுல" என்றார். தோட்டமே அதைப் போட்டுப் போட்டுக் கேட்டது. கோலா பிலாவிலிருந்து ஆட்கள் போனில் அழைத்துப் பாராட்டினார்கள். லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டுச் சொல்லும்படி கெஞ்சினவர்களும் உண்டு. என் நிகழ்ச்சியில் அதெல்லாம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எதற்கும் ஒரு தரம் வேண்டுமில்லையா.

முகுந்தனின் மனைவி ரோகினி ஒருநாள் ஆபீஸுக்கே வந்தாள். நீலாயில் பேக்டரி வேலைக்குப் போகிறவள், யூனிபார்மோடு நின்றாள்.

"அண்ணே, அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிருக்குண்ணே. தண்ணி, சுருட்டு ரெண்டும் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வருஷத்துல ஒருநாள்னா பரவால்ல. நீங்க வாராவாரம் குடுக்குறீங்க."

நான் அவளை உட்காரவைத்து, மைலோ வாங்கிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினேன். "டாக்டர் யாருக்கும்மா கூடாதுன்னாரு? முகுந்தனுக்கு. நாம முகுந்தனுக்கா குடுக்கிறோம்? சாமிக்கில்ல குடுக்கிறோம்."

மறுத்துப் பேசினால் புருஷன்மேல் வருவது சாமி இல்லை என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். எந்தப் பெண்சாதி அதைச் சொல்வாள்? மைலோவைக் குடிக்காமலே எழுந்து போனாள். நியாயத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் என்று அவள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயில் திடலில் கூடாரம் போட்டு, ஆட்களுக்கு முன்னால் நடத்தினோம். நல்ல கூட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. சாமி பிரமாதமாகப் பேசிக்கொண்டிருந்தார். சுருட்டு முடிந்தது, இன்னொன்று பற்றவைத்துக் கொடுத்தேன். இரண்டாவது கிளாஸ் பாதியில் இருக்கும்போது சாமி மைக்கிடம் குனிந்தார். குரல் மெலிந்து வந்தது.

"அண்ணே, நான்தாண்ணே, முகுந்தன். நெஞ்சப் புடிக்குது. விபூதிய வச்சிருங்கண்ணே."

கூட்டத்தில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. "சாமி நம்மளச் சோதிக்கிறாரு" என்று மைக்கில் சொன்னேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கிளாஸை நிரப்பிக் கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தபடியே குடித்தார். பிறகு கேட்டேன், "சாமி, உங்களுக்குப் பயம்னு ஒண்ணு உண்டா?"

"இருக்கு" என்றார்.

இத்தனை நாள் எடுத்த பேட்டிகளில் அதுதான் ஆகச் சிறந்த பதில். நான் குறுக்கே பேசவில்லை. சும்மா இருந்தேன். சாமி மூச்சு வாங்குவதுகூட மைக்கில் தெளிவாக விழுந்திருக்கிறது, நீங்களே கேட்டிருப்பீர்கள்.

அந்த நேரம் பார்த்து ரோகினி பின்வரிசையிலிருந்து ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. "அவரத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று கத்தினாள். பேட்டி கெட்டுவிடுமே என்று, "அம்மன் எறங்கியிருக்கு, புடிச்சிக்குங்க" என்றேன். பெண்கள் நாலைந்து பேர் பாய்ந்து பிடித்து, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அவள் எவ்வளவுக்குக் கத்தினாளோ அவ்வளவுக்கு அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்று கும்பிட்டார்கள். இரண்டு சாமிகளை ஒரே நிகழ்ச்சியில் உட்காரவைக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? இன்னொரு நாற்காலியும் மைக்கும் கொண்டுவரச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தபோது சாமி மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தார். கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அம்மனிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

நீங்கள் போலீஸ்காரர், சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்கிறீர்கள். பேசியது முகுந்தன் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லையா என்று. தெரிந்தது சார். மறைக்க ஒன்றுமில்லை. சாமியின் மூன்றாவது பேட்டி முடிந்த அன்றைக்கே அவன் என்னிடம் சொல்லிவிட்டான். பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் திடீரென்று அழுதான். "ஆபரேஷனுக்கு அப்புறம் சாமி வர்றதே இல்லண்ணே. நின்னுபோச்சு. திருவிழாவுல சும்மாதான் ஆடுறேன். ரோகினிக்குக்கூடத் தெரியாது. சொன்னா தோட்டத்துல எப்படித் தல நிமிந்து நடக்குறது?" என்றான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வந்துவிடச் சொன்னேன்.

அதனால்தான் அந்த வெயிலில், அத்தனை பேருக்கு முன்னால், அவன் தன் வாயாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் பார்த்தபோது நான் பதறிப்போனேன். அவன் மானம் என் கையில் இருந்தது. நம்பிச் சொன்னதை நான் கடைசிவரை காப்பாற்றினேன். இதை அவன் பெண்சாதியிடம் நீங்கள் எடுத்துச் சொன்னால் நல்லது.

நீங்கள் கேட்பது புரிகிறது. விபூதியை வைத்துக் கற்பூரத்தைக் காட்டியிருந்தால் சாமி மலையேறிவிட்டது என்று ஊர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கும், அவன் மானமும் போயிருக்காது, உயிரும் போயிருக்காது. வாஸ்தவம்தான். ஆனால் விபூதியை வைத்தால் பேட்டி முடிந்துவிடுமே சார்.