மாப்பிள்ளையின் மணிக்கட்டு

உங்கள் அறை மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, டாக்டர் மேடம். எங்கள் வீட்டில் இருப்பது டக் டக்கென்று தாளம் தப்பாமல் தட்டும். அந்தத் தாளத்துக்குக்கூட என்னால் ஒழுங்காகக் கிட்டார் வாசிக்க முடிந்ததில்லை. போன தடவை மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படி வாசிக்க இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறார், வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் டைல்ஸ் கடையில் விற்பனை, சாயங்காலம் கிட்டார். மெதுவாக வாசித்தால் நான் ஒரு கலைஞன். தாளம் தட்டும் மெட்ரோனோமில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், தோள் காதுவரைக்கும் ஏறிவிடும், பல் கிட்டித்துக்கொள்ளும், நாக்கு வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். தகர டப்பாவிலிருந்து ஆணிகளைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் வரும். நான் கிட்டாரை எடுத்தால் என் மனைவிக்குக் கடையில் ஏதோ வாங்க மறந்தது ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் விதிகள் எனக்கு அத்துப்படி. தந்தியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகட்டை லேசாகப் பிடிக்க வேண்டும், அதன் முனை மட்டும் தந்தியைத் தொட வேண்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். மெதுவாக ஆரம்பித்து, சுத்தமாக வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். வலித்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். இணையத்தில் இதைப் பற்றி இருக்கிற வீடியோ அத்தனையும் பார்த்தவன் நான். எல்லாம் தலைக்குள் இருந்தது, மணிக்கட்டு வரைக்கும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என் தங்கை கணவர். எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார்கள். பேக்கரியில் கேக் மேல் க்ரீமால் பெயர் எழுதுவது அவர் வேலை. என் வாசிப்பைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமே என்று அவருக்கும் ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். என் தலையெழுத்து, க்ரீம் பையைப் பிழிந்து பழகிய அந்த மணிக்கட்டு காற்றில் துணி ஆடுவதுபோல் ஆடியது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டே என்னைவிட வேகமாக வாசித்தார். வாசித்து முடித்து, "சரியா வருதா மச்சான்?" என்று வேறு கேட்பார். நிஜமாகவே சந்தேகத்தில்தான் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

ஹோட்டலில் வாசிக்கும் குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லோரும் கீபோர்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களிடமிருந்த கிட்டார்காரர் வெளிநாடு போய்விட்டார். நான் நச்சரித்து நச்சரித்ததில், ஒரு நாள் என் வாசிப்பைக் கேட்க அவரே வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் அவருக்காகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் மாப்பிள்ளை சும்மா வாசித்துக்கொண்டிருந்தார். படியேறி வரும்போதே கேட்டவர், கதவைத் திறந்த என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு வேகமா வாசிப்பீங்கன்னு தெரியாமப் போச்சே."

கையில் வடிகட்டியோடு அந்தப் பாராட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கூடத்தில் வாசிப்பு நிற்காததை அவரே கவனித்துவிட்டார். அடுத்த மாதம் இரண்டு பேரும் வந்து வாசித்துக் காட்டுங்கள், ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு என்ன தெரியும் மச்சான், நீங்கதான் தயார் பண்ணி விடணும்" என்றார்.

தயார் பண்ணினேன். கடமைக்குச் செய்யவில்லை, மனசு வைத்துச் செய்தேன். லேசான பிடி விளையாட்டுப் பிள்ளைகளுக்கு, மேடையில் வாசிப்பவன் நகம் வெளுக்கும்வரை பிக்கை அழுத்த வேண்டும் என்றேன். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு முழங்கையால் அடிக்கச் சொன்னேன். எடுத்த எடுப்பில் முழு வேகம். தடித்த தந்திகளை மாட்டிவிட்டேன். மணல் வைத்துத் தைத்த பட்டை ஒன்றை அவர் கையில் கட்டி, இதோடு பழகினால் கழற்றியதும் கை பறக்கும் என்றேன். சொல்லும்போது எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

"கை வலிக்குது மச்சான்" என்று ஒரு நாள் சொன்னார்.

"வலிக்குதுன்னா தசை தயாராகுதுன்னு அர்த்தம் மாப்பிள்ளை" என்றேன். வலி மாத்திரையும் நானே வாங்கிக் கொடுத்தேன், வலி வந்து பயிற்சியைக் கெடுத்துவிடக் கூடாதே.

பிறகு தங்கை இறங்கி வந்தாள். "அண்ணா, அவர் கை வீங்கிக் கிடக்கு. கேக்குல எழுத்து கோணிக்கிட்டுப் போகுதுன்னு முதலாளி திட்டுறாராம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீ சொன்னா நிறுத்துவார்."

"இன்னும் ஒரே வாரம்மா. இப்ப விட்டா பட்ட கஷ்டமெல்லாம் வீண்" என்றேன். அவளுக்குச் சமாதானமாகிவிட்டது. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

வாசித்துக் காட்ட வேண்டிய நாளில் ஹோட்டலில் மாப்பிள்ளை முதல் வரியிலேயே பிக்கைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. நான் ஓடிப் போய் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எவ்வளவு நல்ல மச்சான் என்று யாரோ சொன்னார்கள். அடுத்து நான் வாசித்தேன். ஆணி, தகர டப்பா. கீபோர்டுக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். அதிலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. "இதுலயே சமாளிச்சுக்கறோம் சார்" என்றார். ஒரு மனிதனின் கையைக் கெடுத்து நான் பிடிக்கப் பார்த்த இடத்தில் இப்போது ஒரு பொத்தான் இருக்கிறது. நீங்கள் சிரிக்கலாம் மேடம், நான் சிரித்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த ஒவ்வொரு விதியையும் தலைகீழாக்கித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பயிற்சிகளில் ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை. கை போய்விடும் என்று எனக்குத் தெரியும். இப்போது பேக்கரியில் அவருக்கு வேலை இல்லை, சட்டைப் பொத்தானைத் தங்கைதான் போட்டுவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கிறது. அதனால்தான் நான் மாறிவிட்டேன். பொறாமை என்பது என்னிடம் துளிகூட இல்லை.

நேற்று மேலே சத்தம் கேட்டுப் போனேன். மாப்பிள்ளை கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் பிக்கைப் பிடித்து, ஒரே ஒரு தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்போதே என்னைவிட வேகம். "பாருங்க மச்சான், இந்தக் கை நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டேன்.

பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கிறது மாப்பிள்ளை என்று மட்டும்தான் சொன்னேன்.