ஆசிரியரின் நாற்பத்தோரு வெற்றிகள்

— நாப்பத்தொண்ணு பாய். நாலு வருசத்துல நாம ஆடுனது நாப்பத்தோரு ஆட்டம். நீங்க எழுதுனபடி நாப்பத்தொண்ணுலயும் நான் தோத்திருக்கேன். நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க.

— பாய்னு கூப்பிடாதே பன்னீர்செல்வம். ஆசிரியர்னு கூப்பிடு. இது டைப்பிங் சென்டர் மட்டுமில்லை, ‘கரைமுரசு’ திங்களிதழின் அலுவலகமும்தான்.

— விசா பாரம் அடிக்கிற அதே மேசைதானே பாய்.

— துபாய் சத்வாவுல ரெண்டாவது மேசை போட்டுப் பாரு, வாடகை தெரியும். தோத்ததா எழுதினதுல என்ன குறை? மூணு ஆட்டத்துல ‘எதிராளி பாராட்டத்தக்க வகையில் போராடி வீழ்ந்தார்’னு போட்டிருக்கேன். இந்தக் கலீலுர் ரஹ்மானோட பேனா அப்படி யாரையும் லேசுல பாராட்டாது.

— போன மாசத்த வாசிக்கிறேன், கேளுங்க. ‘ஆசிரியர் தமது குதிரையை ஏவிய கணத்தில் பன்னீர்செல்வம் நிலைகுலைந்தார்.’ நெலகொலஞ்சது யாரு? ராணிய எழந்துட்டு டீய போர்டு மேல கொட்டுனது யாரு?

— டீ கொட்டியதால் அந்த ஆட்டம் செல்லாது.

— செல்லாத ஆட்டத்துல நீங்க எப்புடி ஜெயிச்சீங்க?

— தம்பி, இது ஒரு மரபு. விக்டோரியா ராணி காலத்துல இங்கிலாந்துல சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைக்காரங்க, பகல்ல செய்தி எழுதி, சாயங்காலம் செஸ் ஆடி, ஆடின ஆட்டத்தைத் தாங்களே அச்சுல போட்டாங்க. அந்த வரிசையில வர்றவன் நான்.

— அவங்களும் தோத்தத ஜெயிச்சதாப் போட்டாங்களா?

— அது ஆராய்ச்சிக்குரியது.

— நெசத்த நான் சொல்றேன். முப்பத்தெட்டுல நான் ஜெயிச்சேன். ரெண்டு டிரா. ஒண்ணு நீங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.

— நாலு வருஷமா இல்லாத ரோஷம் இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு? ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?

— யாரும் படிக்கலேன்னு நெனச்சேன் பாய். இப்பத்தான் தெரியுது, எங்க லேபர் கேம்ப்பப் பாத்துக்கிற பாஸ் இர்ஷாத் சார் படிக்கிறாரு.

— படிக்கிறாரா?

— மொத இதழ்லேர்ந்து போன்ல சேத்து வச்சிருக்காரு.

— மாஷா அல்லாஹ். ரமலான் சிறப்பிதழும் இருக்காமா?

— இருக்கு.

— தலையங்கத்தைப் பத்தி ஏதும் சொன்னாரா?

— செஸ் பக்கம் மட்டுந்தான் படிப்பாராம். கேளுங்க பாய். கம்பெனிகளுக்குள்ள செஸ் போட்டி வருது. எங்க டீமுல ஒரு எடம் காலி. சேந்தா மூணு மாசம் ஸ்டோர்ல டூட்டி, ஏசியில. இல்லேன்னா இருபத்திரெண்டாவது மாடியில சாரத்து மேல. பன்னெண்டரைலேர்ந்து மூணு வரைக்கும் நெழல்ல உக்கார வைக்கிறாங்க, இல்லேங்கல. மிச்ச நேரம் இருக்கே? போன வெயில்ல மயங்கி வலையில விழுந்தேன். எல்லா எடத்துலயும் வல கட்டல பாய்.

— ஆடத் தெரியும்னு அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே.

— சொன்னேன். போனத் தொறந்து ‘கரைமுரசு’வ நீட்டுறாரு. அச்சுலயே வந்திருக்கேங்கிறாரு. நாளைக்குக் காலையில பேரு குடுத்துருவாரு. திருத்தம்னு ரெண்டு வரி போட்டுருங்க.

— அச்சுல வந்ததை நம்புற ஒரே ஒரு வாசகர். அவர்கிட்டப் போயி இத்தனை காலமும் புளுகினேன்னு சொல்லவா? ‘கரைமுரசு’ ஒன்பது வருஷத்துல ஒரு திருத்தம் போட்டதில்லை. நிக்காஹ் செய்தியில மாப்பிள்ளை பேரை மாத்திப் போட்டப்பவே போடலை.

— அந்த மாப்பிள்ள என்ன பண்ணாரு?

— பேசுறதில்லை. சரி, ஒரு டிரா தர்றேன்.

— ஒரு டிராவுக்கு எவன் ஸ்டோர் டூட்டி குடுப்பான்?

— ரெண்டு. அதுக்கு மேல முடியாது. கீழக்கரையில என் மச்சான்மார் அத்தனை பேரும் படிக்கிறாங்க. கலாஸ், பேச்சு முடிஞ்சுது.

— சரி, வுடுங்க. அப்ப வெள்ளிக்கெழம நீங்க வந்துருங்க.

— எங்கே?

— போட்டிக்குத்தான். வெளியாளு ஒருத்தர் ஆடலாமாம். பன்னீரு வேணாம், பன்னீர நாப்பத்தோரு தடவ அடிச்சவரக் கூட்டியாங்கிறாரு இர்ஷாத் சார். மொத போர்டு உங்களுக்கு.

— எதிர்த்தாப்ல யாரு?

— பிலிப்பினோ ஒருத்தன். கண்ணக் கட்டிக்கிட்டு ஆடுவானாம்.

— கண்ணைக் கட்டிக்கிட்டா?

— ஆமா. பெரிய ஸ்கிரீன்ல காட்டுவாங்க. பேஸ்புக்ல லைவ் உண்டு. கீழக்கரையிலயும் பாக்கலாம்.

— வெள்ளிக்கிழமை எனக்கு முதுகுவலி.

— இன்னைக்குத் திங்கக்கெழமதான் பாய்.

— இரு, இந்த மாச இதழ் இன்னும் போகலை. கடைசிப் பக்கத்துல எடம் இருக்கு. அடிக்கிறேன், கேளு. ‘எளிய தொழிலாளி ஒருவருக்கு ஊக்கமளிக்கும் பொருட்டு ஆசிரியர் பலமுறை விட்டுக்கொடுத்து ஆடினார்.’

— அப்படிப் போட்டாலும் உங்களத்தான் கூப்புடுவாரு.

— ‘அச்சுப்பிழையால் வெற்றியும் தோல்வியும் இடம் மாறிவிட்டன.’

— முப்பத்தெட்டு தடவையா?

— நீயே சொல்லித் தொலை.

— ‘முப்பத்தெட்டு ஆட்டத்தில் பன்னீர்செல்வம் ஜெயித்தார். நான் ஜெயித்ததாகப் பொய் எழுதினேன்.’

— பொய்ங்கிற சொல் நம்ம இதழோட நடைக்கு ஒத்து வராது.

— வெள்ளிக்கெழம நாலு மணிக்கு பஸ்சு வரும் பாய்.

— அடிச்சாச்சு, அடிச்சாச்சு. ‘நான்’னு எழுதி ஒன்பது வருஷம் ஆச்சு. விரல் கூசுது.

— வாசகர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிருங்க. இர்ஷாத் சாருக்குத் தனியாவும் ஒண்ணு.

— போயிடுச்சு. ரெண்டுக்கும். இரு, டைப் பண்றாரு… ‘பன்னீர் பேரை எழுதிட்டேன்’னு பதில் வந்திருக்கு. அல்ஹம்துலில்லாஹ். நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன்.

— நீங்க எதுலேர்ந்து பாய் தப்பிச்சீங்க? வெள்ளிக்கெழமைக்கு உங்கள யாருமே கூப்புடல.