காலுக்கு நடுவே ஒரு சாண்

புஜ்ஜி! ஏ புஜ்ஜி! மேடை ஏறிவிட்டேன், பாருடி. நீ பிடிக்க வேண்டிய மைக்கை உன் அம்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் பொறு. பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களை வணங்கிவிட்டு உன்னிடம் வருகிறேன்.

கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் மேடையில் நாற்காலி போட்டுவைத்த சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே! இரும்புலியூர் எங்கள் தெருவிலிருந்தும், மாடம்பாக்கத்திலிருந்தும், அஸ்தினாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறியும் வந்திருக்கும் பெரியோர்களே! பெற்றவர்களே, பெற்று வளர்த்தவர்களே, பெற்றதைப் பறிகொடுத்தவர்களே! தாய்மார்களே, உங்களை மட்டும் இரண்டு தடவை கும்பிடுகிறேன். முன்வரிசையில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் கரீம் தம்பி, உங்களைத் தனியாகக் கும்பிடுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்லுவேன்.

பின்னால் கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். இப்போது?

என் பெயர் அஞ்சம்மாள். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு வாசலோடு சரி. இந்தச் சங்க மண்டபத்தைப் பெருக்குவது என் வேலை. இதே மண்டபத்தில் தொண்ணூற்று ஒன்றாம் வருஷத்திலிருந்து நோயாளிகளுக்கு யோகா சொல்லிக்கொடுத்த நாகலக்ஷ்மி என் ஒரே மகள். ஊருக்கு நாகலக்ஷ்மி. எனக்குப் புஜ்ஜி. போன ஐப்பசிக் கடைசியில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்தாறு வயசு.

வகுப்பு என்றால் கூட்டம் என்று நினைக்காதீர்கள். நாலே நாலு பேர். மனுஷனுக்குக் கடைசியில் நாலு பேர் வேண்டும் என்பார்கள். அவள் முதலிலேயே சேர்த்துக்கொண்டாள்.

முதல் பாய் துரைராஜ் சாருடையது. ரத்தக்கொதிப்பு. தலை நெஞ்சுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டாவது பாய் கரீம் தம்பியின் வீட்டுக்காரம்மா அஜீசா. மூச்சிரைப்பு. சமமாகப் படுக்கவே கூடாது, முதுகுக்குக் கீழே இரண்டு தலையணை வேண்டும். மூன்றாவது பாய் எல்லம்மா, தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். முட்டி மடங்காது. நாலாவது சவுரிமுத்து அண்ணன். வாதம் வந்து இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. அந்தக் கால் தானாக ஒரு விரற்கடை நகராது. எடுத்து வைத்தால்தான் உண்டு. இதை மறந்துவிடாதீர்கள் ஐயா. இந்தக் காலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒருத்தருக்கு மருந்து இன்னொருத்தருக்கு விஷம். குனி என்றால் துரைராஜ் சாருக்கு ஆபத்து. படு என்றால் அஜீசாவுக்கு ஆபத்து. மடக்கு என்றால் எல்லம்மா ஊரைக் கூட்டுவாள். இந்த நாலு பேரையும் ஒரே மணி நேரத்தில், ஒரே மூச்சில் எப்படி நடத்தினாள்? மந்திரமா? மாயமா? ஒன்றும் இல்லை. நாலு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான். கண்ணை எடுக்கவே மாட்டாள்.

கடைசியில் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்து அசையாமல் இருக்கச் சொல்லுவாள். அதற்குச் சவாசனம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் முதல் நாள் எல்லம்மா எழுந்தே விட்டாள்.

"இன்னா பாப்பா, உசுரோட கீறப்பவே பொணம் மாதிரி படுக்கச் சொல்றியா? நான் மாட்டேன் போ!"

சிரிக்கிறீர்கள். எல்லம்மாவும் அதோ சிரிக்கிறாள். அப்போது என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எல்லம்மாக்கா, செத்தவங்களுக்குத்தான் ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டுவாங்க. உனக்குப் பாரு, நடுவுல ஒரு சாண் எடம் விட்டு வெக்கிறேன். எமன் எட்டிப் பாத்தாலும் 'இது இன்னும் கட்டாத காலு'ன்னு திரும்பிப் போயிடுவான்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வாளியில் கையைக் கழுவுவாள். ஒருவர் காலடியில் உட்காருவாள். இரண்டு குதிகாலையும் பிடித்து விலக்கி, நடுவே தன் கையைச் சாணாக விரித்து அளப்பாள். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவரிடம் வருவாள். ஈரக்கை, ஐஸ் மாதிரி இருக்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். "படிச்சுட்டு ஊரான் காலப் புடிக்கிறதா பொழப்பு? நான் தொடப்பம் புடிக்கிறது போதாதா?" என்று ஏசினேன். அவள் கோபப்படவில்லை. "மூஞ்சியப் பாத்தாத்தான்மா பேரு கேக்கத் தோணும். காலப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் கீது" என்றாள்.

எல்லாம் ஒரே மாதிரிதான். இந்துவுக்கும் கட்டுகிறோம், கிறிஸ்தவருக்கும் கட்டுகிறோம், முஸ்லிமுக்கும் கட்டுகிறோம். கும்பிடும் இடம் வேறு, கொண்டுபோகும் இடம் வேறு. அந்தக் கட்டைவிரல் கட்டு மட்டும் எல்லோருக்கும் பொது.

என் மகளுக்கும் கட்டினேன். அவள் காலை வேறு யாரும் தொட வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டியில் ஒரு கிழிசல். குதிகால் இரண்டையும் சேர்த்து, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அடைமழை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலோடு நின்றேன்.

அழாதீர்கள் தாய்மார்களே. நீங்கள் அழுதால் என்னால் பேச முடியாது.

முப்பது நாள் கழிந்தது. மார்கழி மாதம், காலை ஆறு மணி. மண்டபத்தைப் பெருக்கலாம் என்று வந்தேன். பனியில் எதிர்வீடு தெரியவில்லை. வாசலில் நாலு உருவம் நின்றுகொண்டிருந்தது. கிட்டே போனால் அந்த நாலு பேர்.

"கதவத் தொற யக்கா. நாங்க சும்மா படுத்துகினு எழுந்து பூடறோம்" என்றாள் எல்லம்மா.

திறந்தேன். பாய் விரித்தேன். மூன்று வருஷம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டது என் வாயில் தானாக வந்தது. துரைராஜ் சாரைக் குனியவிடவில்லை. அஜீசாவுக்கு இரண்டு தலையணை வைத்தேன். எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் நாலு பேரும் மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடினார்கள். நான் ஒவ்வொருவர் காலடியிலும் உட்கார்ந்து காலை நேராக்கினேன். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

எப்படி நேராக்கினேன் தெரியுமா ஐயா? குதிகால் இரண்டையும் சேர்த்து. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து.

வேண்டுமென்றா செய்தேன்? இல்லை! என் கை கடைசியாகப் படித்த பாடம் அது. அதையே நாலு பேருக்கும் செய்துவிட்டது. உட்கார்ந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

வெளியே மின்சார ரயில் போன சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நாலு பேர் மூச்சு மட்டும். எண்ணிப் பார்த்தால் நாலு மாதிரி இல்லை. நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பத்து நிமிஷம் கழித்து சவுரிமுத்து அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார். "இன்னாம்மா அஞ்சம்மா, கை இம்மாம் ஜில்லுன்னு கீது?"

அப்போதுதான் திரும்பினேன். நாலு பேர், எட்டுக் கால். எட்டும் விலகிக் கிடந்தன. போய் அளந்தேன். ஒரு சாண். நாலு பேருக்கும் ஒரே சாண்.

தலைவர் ஐயா அன்றைக்கே என்னிடம் சொன்னார், உடம்பு தளர்ந்தால் கால் தானாக விலகும் என்று. படித்தவர் சொன்னால் சரிதான். துரைராஜ் சார் கால் தளர்ந்தது, சரி. எல்லம்மா கால் தளர்ந்தது, சரி. சவுரிமுத்து அண்ணனின் இடது கால்? எடுத்து வைத்தாலொழிய நகராத அந்தக் கால்? குதிகாலில் ஈரம் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது? என் கை காய்ந்திருந்தது. அன்றைக்கு நான் வாளியே வைக்கவில்லை.

இருங்கள், எழுந்து போகாதீர்கள். பயமுறுத்த வரவில்லை. பெற்ற மகளுக்குப் பயப்படுவேனா? எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மறுநாள் முதல் வாளி வைத்தேன். கையைக் கழுவினேன். நானே ஒரு சாண் விலக்கி வைத்தேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. நான் சரியாகச் செய்கிறேன், அதனால் அவளுக்கு வேலை இல்லை. அப்படித்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் என்னைக் கெடுத்தது.

கரீம் தம்பி, இப்போது உங்களிடம் வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றே தப்புச் செய்தேன். நாலு பேர் காலையும் சேர்த்து வைத்தேன். விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்தேன். தப்பைத் திருத்த வருவாள் இல்லையா? வாசற்படியில் உட்கார்ந்து, இந்தத் தடவை உள்ளே பார்த்தபடி காத்திருந்தேன். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். என் கண் எட்டுக் காலின் மேலேயே இருந்தது. அஜீசாவின் முதுகுக்குக் கீழேயிருந்து தலையணை நழுவியதைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் நெஞ்சு இழுத்ததைப் பார்க்கவில்லை. உதடு நீலம் பாய்ந்ததைப் பார்க்கவில்லை.

"யம்மா அஞ்சம்மா! அஜீசாவப் பாரும்மா!" சவுரிமுத்து அண்ணன் போட்ட கூச்சலில்தான் ஓடினேன். தூக்கி உட்காரவைத்தேன். மூச்சு திரும்பியதும் அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ வந்தாளா அக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கால் சேர்த்துப் படுத்திருக்கிறார்கள்.

அவள் வரவில்லை.

ஆகவே ஐயா, மண்டபத்தில் பேய் நடமாடுகிறது, வகுப்பை மூடுங்கள் என்று இன்றைக்குத் தீர்மானம் போடப் போகிறீர்களாம். பேய் எது? செத்துப்போயும் தப்பைத் திருத்த வந்தவளா பேய்? இல்லை! உயிரோடு இருந்துகொண்டு, உயிருள்ளவர்களைப் பார்க்காமல், செத்தவளைத் தேடிய நான்தான் பேய்! போகச் சொல்ல வேண்டுமானால் என்னைப் போகச் சொல்லுங்கள். சாவி இதோ, மேசைமேல் வைக்கிறேன். ஆனால் வகுப்பை மூடாதீர்கள்! படுத்தவர் எழுந்திருக்க ஒரு இடம் வேண்டும்! விழுந்த காலை எடுத்து வைக்க ஒரு கை வேண்டும்! கண்ணை எடுக்காமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும்!

கொஞ்சம் உங்கள் காலைப் பாருங்கள். எல்லோரும்தான். நாற்காலிக்கு அடியில் குனிந்து பாருங்கள். துரைராஜ் சார், நீங்கள் குனிய வேண்டாம். எத்தனை பேர் கால் சேர்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள்? விலக்கி வையுங்கள். ஒரு சாண் போதும். நீங்கள் இன்னும் கட்டாத கால்கள்!

என்ன எல்லம்மா? சத்தமாகச் சொல்லு.

"சாவிய எடு யக்கா! நீ இல்லாங்காட்டி நாளைக்கு எவ வந்து எங்கால நவுத்துவா?"

கரீம் தம்பி எழுந்து வருகிறார். மேசைக்கிட்டே வருகிறார். சாவியை எடுத்து... தம்பி, என் கையிலா கொடுக்கிறீர்கள்?

"நாளைக்கு நானும் வந்து ஒக்காந்துக்கிறேன் அக்கா. தலகாணிய நான் பாத்துக்கிறேன்."

தலைவர் ஐயாவும் தலையை அசைக்கிறார். நாற்காலி தந்த சங்கத்துக்கும், கண்ணீர் தந்த தாய்மார்களுக்கும், சாவி தந்த தம்பிக்கும், கால் நீட்டிக் காத்திருக்கும் அந்த நாலு பேருக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்கிறேன். அனைவருக்கும் என் வணக்கம்.

மைக்செட்காரத் தம்பி, மைக்கை எடுத்துவிடாதே. ஒரே ஒரு வார்த்தை பாக்கி.

புஜ்ஜி, சிதையில் வைக்கும்போது கட்டைவிரலில் போட்ட கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்பார்கள். பொம்பளைகள் அங்கே வரக் கூடாது. கொள்ளி வைத்த உன் மாமனைக் கேட்டேன். "மழ, அவசரம், நெனவில்லக்கா" என்கிறான். கூடப் போனவர்களையும் கேட்டேன். ஒருத்தருக்கும் நினைவில்லை. மார்கழியில் எப்படியோ வந்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை உன்னால் வர முடியவில்லை. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு மறுபடி பாய் விரிப்பேன். சொல்லுடி கண்ணு, நான் போட்ட அந்த முடிச்சை யாராவது அவிழ்த்தார்களா?